64 பக்க மேனுவல் குடுத்தும் போன் நிக்கல, மோட்டரும் எரிஞ்சிருச்சு: பேனல் கம்பெனி வாசகிக்கு ஒரு டெக்னிக்கல் ரைட்டரோட பதில்

மன்னார்குடி பக்கத்துலேர்ந்து ஒரு வாசகி நீளமா எழுதியிருக்காங்க. பேர், கம்பெனி பேர் எதுவும் வரக்கூடாதுன்னு கேட்டதால அதையெல்லாம் எடுத்துட்டு விஷயத்தை மட்டும் சுருக்கமா சொல்லிடறேன்.

இ.இ.இ டிப்ளமோ படிச்சவங்க. வேலை பாக்கறது ஒரு சின்ன ஒர்க்‌ஷாப், பம்ப்செட்டுக்கு மொபைல் ஸ்டார்ட்டர் பேனல் பண்றாங்க, அதாவது கொல்லைக்குப் போகாமலே வீட்ல உக்காந்து போன் போட்டு மோட்டரை ஓட்டி நிறுத்துற பெட்டி. "உனக்குத்தான் பாப்பா எழுத வரும்"னு முதலாளி சொன்னதால மேனுவல் எழுதுற வேலை இவங்க தலையில விழுந்திருக்கு. 64 பக்கம் இங்கிலீஷ்ல எழுதி, சேஃப்டி பக்கங்களை மட்டும் ஒரு பெரிய கம்பெனி பிடிஎஃப்லேர்ந்து எடுத்து பேரை மாத்திப் போட்டு, பிரிண்ட் அடிச்சு ஒவ்வொரு பெட்டிக்குள்ளயும் வச்சிட்டாங்க. ஆனா சர்வீஸ் நம்பருக்கு ஒரு நாளைக்கு முப்பது நாப்பது போன் வர்றது கொஞ்சம்கூட குறையல. இதுக்கு நடுவுல ஒரத்தநாடு பக்கம் ஒருத்தருக்கு 10 எச்.பி மோட்டர் எரிஞ்சு போச்சு, கரண்ட் அதிகமானா மோட்டரை நிறுத்துற ரிலேவோட செட்டிங் தப்பு, வைண்டிங் செலவை நீங்கதான் தரணும்னு கேக்கறார். முதலாளி "41-ம் பக்கத்துல போட்டிருக்கு, படிக்காதது அவர் தப்பு"ங்கறார். இப்ப குறுவைக்கு முன்னாடி மேனுவலைத் தமிழ்ல போடணும்னு சொல்லிட்டார்.

அவங்க கேள்விங்க: 64 பக்கத்தையும் கூகுள்ல போட்டு தமிழாக்கி அடிச்சிடலாமா? சர்வீஸ் பசங்க "யாருக்கா படிக்கறா, வீடியோ போடுங்க"ங்கறாங்க, அது சரியா? "நிறுவனம் பொறுப்பல்ல"ன்னு பக்கத்துக்குப் பக்கம் போட்டா தப்பிச்சுக்கலாமா? புக் கனமா இருந்தாதான் கம்பெனிக்கு மதிப்புன்னு முதலாளி நினைக்கறாரே, அவர்கிட்ட எப்படி பேசறது? கடைசியா ஒரு வரி, "எனக்கு எழுதவே தெரியலையோன்னு தோணுது".

தங்கச்சி, கடைசி வரியிலேர்ந்தே வர்றேன். நீங்க அனுப்பிச்ச 64 பக்கத்தையும் படிச்சேன், உங்களுக்கு எழுத வருது, நல்லாவே வருது. ஒவ்வொரு வரியும் சரியாத்தான் இருக்கு. கோளாறு எழுதறதுக்கு முன்னாடி நடந்திருக்கு. பேனலைத் திறந்து வச்சுக்கிட்டு மேலேர்ந்து கீழ வரைக்கும் என்னென்ன பார்ட் இருக்கோ அந்த வரிசையில அத்தியாயம் போட்டிருக்கீங்க, கான்டாக்டர், டைமர், ரிலே, போன் சிக்னலை வாங்குற ஜிஎஸ்எம் போர்டு, ஆன்டெனா அப்படின்னு. பேனலைப் பண்ணினவங்களுக்கு அது சரியான வரிசை. ஆனா ராத்திரி பதினோரு மணிக்கு த்ரீ பேஸ் வந்து, போன் போட்டு, மோட்டர் எடுக்கலைன்னு நிக்கறவருக்கு எந்த அத்தியாயத்தைத் திறக்கணும்? அவருக்குக் கோளாறு எந்த பார்ட்லன்னு தெரிஞ்சா அவர் எதுக்கு உங்களுக்குப் போன் பண்ணப்போறார்.

முதல்ல அந்த எரிஞ்ச மோட்டர்

தமிழ் மேனுவல், வீடியோ எல்லாம் ரெண்டு நாள் நிக்கட்டும், இது அவசரம். நீங்க சொன்னத வச்சு பாத்தா, நேம் பிளேட்ல 15 ஆம்பியர், ஸ்டார் டெல்டா பேனல், அதாவது மோட்டரை முதல்ல ஸ்டார் இணைப்புல எடுத்து அப்புறம் டெல்டாவுக்கு மாத்துறது. உங்க படத்துல ஓவர்லோடு ரிலே மெயின் கான்டாக்டருக்குக் கீழ, வைண்டிங்குக்குப் போற லைன்ல உக்காந்திருக்கு. அந்த இடத்துல போறது மோட்டருக்கு வர்ற முழு லைன் கரண்ட் இல்ல, அதுல 0.58 பங்குதான், அப்ப டயல் 8.7-ல நிக்கணும். உங்க மேனுவல் 17-ம் பக்கத்துல இன்ஸ்டலேஷன் ஸ்டெப்புல என்ன இருக்கு? "ரிலேவை மோட்டரின் ரேட்டட் கரண்ட்டுக்கு செட் செய்யவும்". எலக்ட்ரீஷியன் அதைத்தான் செஞ்சிருப்பார் போல, நேம் பிளேட்டைப் பாத்து 15-ல வச்சிருப்பார். அப்படி வச்சா லைன்ல கிட்டத்தட்ட 26 ஆம்பியர் ஓடுற வரைக்கும் ரிலே சும்மா பாத்துக்கிட்டு இருக்கும், அதுக்குள்ள வைண்டிங் கருகிடும். 0.58 கணக்கு எங்க இருக்குன்னா 41-ம் பக்கம், பின்னிணைப்புல, ஒரு டேபிளுக்கு அடியில பொடி எழுத்துல.

ஆக முதலாளி சொல்றது பாதிதான் சரி. 41-ல போட்டிருக்கு, உண்மை. ஆனா 17-ல வேற மாதிரி போட்டிருக்கே. மேனுவலைப் படிக்காம போனதால மோட்டர் எரிஞ்சதுன்னு நாம சொல்ல முடியாது, 17-ம் பக்கத்தைப் படிச்சு அதன்படி செஞ்சதால எரிஞ்சிருக்கலாம்னு அவர் பக்கத்து வக்கீல் சொல்லலாம்.

நான் வக்கீல் இல்ல, ஒரு வக்கீலை அவசியம் பாருங்க. ஆனா இந்தத் தொழில்ல இருக்கறவங்க எல்லாருக்கும் தெரிஞ்சிருக்க வேண்டிய ஒண்ணு: 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டத்துல 84-வது பிரிவு, பொருளைத் தயாரிக்கறவங்க எப்பெல்லாம் பொறுப்புன்னு சொல்ற இடத்துல, சரியா பயன்படுத்தறதுக்குத் தேவையான அளவு விளக்கம் இல்லாததையும், தப்பா பயன்படுத்தினா என்ன ஆகும்னு எச்சரிக்கை இல்லாததையும் சேத்துதான் சொல்லுது. பெட்டி நல்லா இருந்தா மட்டும் போதாது. மாவட்ட நுகர்வோர் ஆணையத்துல 5 லட்சம் வரைக்கும் விலை குடுத்து வாங்கின பொருளுக்குப் புகார் போட ஃபீஸே கிடையாது, அதனால "அவரால கேஸெல்லாம் போட முடியுமா"ன்னு அசால்ட்டா இருக்க வேண்டாம். அதே சமயம் 87-வது பிரிவுல உங்க பக்கத்துக்கும் இடம் இருக்கு, வாங்கினவர் பெட்டியை மாத்தியிருந்தாலோ தப்பான விதத்துல பயன்படுத்தியிருந்தாலோ அதை எடுத்துச் சொல்லலாம். நம்ம பக்கம் ரெண்டு பேஸ்ல மோட்டரை ஓட்ட கெபாசிட்டர் போட்டு, ஒரு பேஸ் போனா மோட்டரை நிறுத்துற சிங்கிள் பேஸ் பிரிவென்டரை பைபாஸ் பண்ணி வைக்கறது ஊருக்கு ஊர் நடக்குது, அது அங்க இருந்துச்சான்னு நேர்ல போய்ப் பாருங்க. பாக்கறதுக்கு முன்னாடி 41-ம் பக்கம்னு போன்ல வாதாட வேண்டாம். டயல் எந்த நம்பர்ல நிக்குதோ அதை போட்டோ எடுங்க, வயரிங்கை போட்டோ எடுங்க, மாட்டின எலக்ட்ரீஷியனைக் கூட வச்சுக்கிட்டு பேசுங்க.

இன்னொன்னு, இது முதலாளிக்குக் கசக்கும். அதே 17-ம் பக்கத்தைப் பாத்து ஸ்டார் டெல்டா மாட்டினவங்க இன்னும் எத்தனை பேர்? பில் புக்கை எடுத்து ஸ்டார் டெல்டா பேனல் வாங்கின ஒவ்வொருத்தருக்கும் போன் போடுங்க, ரிலே டயல் எதுல நிக்குதுன்னு போட்டோ வாங்குங்க. குறுவைக்கு மோட்டர் ராப்பகலா ஓட ஆரம்பிச்சப்புறம் பண்ணா லேட். மேட்டூர்ல ஜூன் 12 திறக்கறாங்களோ இல்லையோ, பம்ப்செட் வச்சிருக்கறவங்க மே மாசத்துலயே நாத்தங்கால் போட்டுடுவாங்க, அது உங்களுக்குத் தெரியாததில்ல.

யார் கையில, எந்த நேரத்துல

இப்ப மேனுவல். பிளான் பண்றதுன்னா தலைப்பு பட்டியல் போடறதுன்னு நினைச்சிருக்கீங்க, அதுக்கு முன்னாடி ஒரு வேலை இருக்கு. இந்தப் பெட்டியைத் தொடறவங்க யார் யாருன்னு எழுதுங்க. வாங்கறவர் ஒருத்தர்தான்னு தோணும், ஆனா எண்ணிப் பாருங்க.

மாட்டுற எலக்ட்ரீஷியன். அவர் பெட்டியோட இருக்கறது ரெண்டு மணி நேரம், கையில ஸ்க்ரூ டிரைவர், வயரைச் சுத்தி மாட்டி கரண்ட் அளக்கற டாங் டெஸ்டர். ஸ்டார் டெல்டான்னா என்னன்னு உங்கள விட அவருக்கு நல்லாத் தெரியும், மூணு பக்கம் தியரி வேண்டாம். அவருக்கு வேண்டியது உங்க பேனல்ல மட்டும் வித்தியாசமா இருக்கற நாலு விஷயம், எந்த டெர்மினல்ல எது, ரிலே எவ்வளவு, சிம் எந்தப் பக்கம்.

விவசாயி. தினம் மோட்டருக்குப் போன் பண்ணுவார், பெட்டியைத் திறக்கவே மாட்டார்.

வீட்ல இருக்கற மத்தவங்க. உங்க லெட்டர்லயே ஒரு வரி போகிற போக்குல இருந்துச்சு, சிங்கப்பூர்ல இருக்கற மகன் அங்கேர்ந்தே போன் போட்டு மோட்டர் ஓட்டறாருன்னு. அது உங்களுக்குப் பெருமையான விஷயம், எனக்கு வயித்தைக் கலக்குச்சு. ஏன்னா நாலாவது ஆள் ஒருத்தர் இருக்கார், மோட்டர் கொட்டாயில நிக்கறவர். பெல்ட்டை, வால்வை, வயரைத் தொட்டுக்கிட்டு இருக்கற கூலி ஆளோ மெக்கானிக்கோ. சிங்கப்பூர்ல இருக்கறவருக்கு இங்க ஒருத்தர் பெட்டியைத் திறந்து கை வச்சிருக்கார்னு எப்படித் தெரியும்? உங்க மேனுவல்ல இந்த எச்சரிக்கை இருக்கு, 3-ம் பக்கத்துல அழகா இருக்கு. ஆனா அந்த மேனுவல் நிலப் பத்திரம் மாதிரி வீட்டு பீரோவுல பத்திரமா இருக்கு, ஆபத்துல இருக்கற ஆள் அதைக் கண்ணால பாத்ததே இல்ல. ஆபத்து எங்க இருக்கோ எச்சரிக்கையும் அங்கதான் இருக்கணும், அதாவது பேனல் கதவுல. உள்பக்கம் இல்ல, வெளிப்பக்கம், கைப்பிடிக்கு மேல, வெயில்ல வெளுக்காத ஸ்டிக்கர்ல: "இந்த மோட்டர் போன்ல தானா ஓடும். கதவைத் திறக்கும் முன் மெயினை இறக்கு." அவ்வளவுதான். உயிர் போற ஆபத்துக்கு சிவப்பு, "அபாயம்"னு தலைப்பு, அதுக்குக் கீழ் மட்டத்துல ஆரஞ்சு, மஞ்சள்னு உலகம் பூரா ஒரு வழக்கம் இருக்கு, நீங்க எல்லாத்தையும் சிவப்புல போட்டிருக்கீங்க, "பேனலை ஈரத்துணியால் துடைக்க வேண்டாம்"ங்கறது உள்பட. எல்லாம் சிவப்பா இருந்தா எதுவும் சிவப்பா தெரியாது.

அந்தக் காப்பி அடிச்ச சேஃப்டி பக்கங்களுக்கு வர்றேன். திட்டல, நிறைய பேர் பண்றதுதான், ஆனா மேனுவலுக்கும் காப்பிரைட் உண்டுங்கறது ஒரு பக்கம் இருக்க, அதைவிட பெரிய வம்பு ஒண்ணு இருக்கு. அந்தக் கம்பெனி பேனல்ல எர்த் லீக்கேஜ் ரிலே இருக்கு, "எர்த் லீக்கேஜ் ஏற்பட்டால் பேனல் தானாக டிரிப் ஆகும்"னு அவங்க எழுதியிருக்காங்க. நீங்க பேரை மட்டும் மாத்தினீங்க, வரி அப்படியே இருக்கு. உங்க பேனல்ல அந்த ரிலே கிடையாது. இல்லாத பாதுகாப்பை இருக்குன்னு எழுத்துல குடுத்திருக்கீங்க. இன்னிக்கே அந்தப் பக்கத்தைக் கிழிச்சிடுங்க, பெட்டிக்குள்ள போற அடுத்த காப்பியில அது இருக்கக் கூடாது.

உங்க போன் நோட்டுதான் பிளான்

ஒரு நாளைக்கு நாப்பது போன் வருதுன்னு வருத்தப்பட்டீங்க. என்னைக் கேட்டா அது சொத்து. பெரிய கம்பெனிங்க காசு குடுத்து ஆராய்ச்சி பண்ணித் தெரிஞ்சுக்கற விஷயத்தை உங்களுக்கு ஜனங்களே போன் போட்டு சொல்றாங்க. ரெண்டு வாரம், வர்ற ஒவ்வொரு போனையும் ஒரு நோட்டுல எழுதச் சொல்லுங்க, சர்வீஸ் பையன் புரிஞ்சுக்கிட்டதை இல்ல, அவர் சொன்னதை சொன்ன மாதிரியே. "ஜிஎஸ்எம் ஃபால்ட்"னு எழுதக்கூடாது, "போன் போட்டா பிஸி பிஸிங்குது"ன்னு எழுதணும். ஏன்னா அவர் தேடறப்ப அந்த வார்த்தையைத்தான் தேடுவார், உங்க அட்டையில அந்த வார்த்தைதான் தலைப்பா இருக்கணும்.

நோட்டைப் பிரிச்சுப் பாத்தீங்கன்னா ஆச்சரியம் வரும். நீங்க லெட்டர்ல சொன்ன போன்களையே எடுத்துக்குவோம். "மோட்டர் எடுக்கல" அப்படின்னு வந்ததுல பாதிக்கு மேல பேனல்ல இருக்கற சிம்முக்கு ரீசார்ஜ் முடிஞ்சு போனதுதான்னு சொன்னீங்க. 64 பக்கத்துல ரீசார்ஜ்ங்கற வார்த்தை எங்கயாவது இருக்கா? தேடிப் பாத்தேன், இல்ல. எப்படி இருக்கும், சிம்கார்டு உங்க பார்ட் லிஸ்ட்லயே இல்லையே, கடையில வாங்கிப் போடறது. பார்ட் வரிசையில எழுதினா இப்படித்தான் ஆகும், எது அதிகமா படுத்துதோ அது விட்டுப்போயிடும்.

அதோட போன்ங்க மாசத்துக்கு மாசம் மாறும், அதையும் நோட்டுல குறிச்சுக்குங்க. சும்மா கிடந்த பேனலை மே மாசம் முதல் தடவை ஓட்டறப்ப வர்றது ஒரு மாதிரி, கான்டாக்டர்ல பல்லி மாட்டியிருக்கும், எறும்பு புத்து கட்டியிருக்கும், எலி வயரைக் கடிச்சிருக்கும். ஐப்பசி கார்த்திகை மழையில வர்றது வேற மாதிரி, பெட்டிக்குள்ள ஈரம், ஒரு பேஸ் போறது, இடி. அதனால விவசாயி அட்டையில "சீசனுக்கு முதல் தடவை ஓட்டறதுக்கு முன்னாடி" அப்படின்னு தனியா ஒரு கட்டம் போட்டா உங்க மே மாச போன்ல நல்லா குறையும்னு நினைக்கிறேன். அதுலயும் பெட்டியைத் திறந்து பாக்கற வேலை எலக்ட்ரீஷியனுக்குன்னு தெளிவா எழுதுங்க.

1980கள்ல ஐபிஎம்-ல ஜான் கேரல்னு ஒரு ஆராய்ச்சியாளர் இதே பிரச்சினையைத்தான் பாத்தார், அங்க மோட்டர் இல்ல, ஆபீஸ்ல டைப் அடிக்கற கம்ப்யூட்டர். மேனுவல் பக்கத்துலயே இருந்தும் யாரும் வரிசையா படிக்கல, நேரா வேலையில இறங்கிடறாங்க, தப்பு பண்றாங்க, எங்க நிக்கறோம்னு தெரியாம மாட்டிக்கறாங்க. அவங்க குழு என்ன பண்ணுச்சுன்னா, தடி புக்குக்குப் பதிலா ஒரு வேலைக்கு ஒரு அட்டைன்னு குடுத்துப் பாத்துச்சு. என்ன பண்ணப் போறோம், அதுக்குச் சின்னக் குறிப்பு, சரியா வந்துச்சான்னு எப்படித் தெரியும், மாட்டிக்கிட்டா எப்படி வெளிய வர்றது, இவ்வளவுதான் அட்டையில. அட்டை வச்சுக் கத்துக்கிட்டவங்க புக்கு வச்சுக் கத்துக்கிட்டவங்களை விட வேகமா கத்துக்கிட்டாங்க. அவங்களே ஆபீஸ் வேலை பாக்கற ஆளுங்க. வரப்புல டார்ச்சோட நிக்கறவர்கிட்ட நாம 64 பக்கத்தை நீட்டறோம்.

அப்ப என்னதான் எழுதறது

ஒரு புக்கை நாலா உடைங்க. கதவு ஸ்டிக்கர், அதைச் சொல்லிட்டேன். எலக்ட்ரீஷியனுக்கு ஒரு ஷீட், முன்னும் பின்னும், கதவுக்கு உள்பக்கம் பிளாஸ்டிக் உறையில செருகி வைக்கற மாதிரி. விவசாயிக்கு ஒரு அட்டை, வீட்டு செவுத்துல மாட்ட. மிச்சம் இருக்கறது எல்லாம் அந்தப் பெரிய புக்கு, அது ரெஃபரன்ஸ், உங்க சர்வீஸ் பசங்களுக்கும் டீலருக்கும். முதலாளிக்குக் கனமான புக்கு வேணும்னா அது கனமாவே இருக்கட்டும், சண்டை போடாதீங்க, ஆனா விவசாயி கைக்குப் போறது அது இல்ல.

எலக்ட்ரீஷியன் ஷீட்ல ரிலே ஸ்டெப் எப்படி இருக்கணும்னு நான் எழுதிக் காட்டறேன், மத்ததை இதே மாதிரி நீங்க பண்ணிக்குவீங்க:

"மெயினை இறக்கு. டெஸ்டர் வச்சு மூணு பேஸும் செத்திருக்கான்னு பார். மோட்டர் நேம் பிளேட்ல ஆம்பியரைப் பார். ஸ்டார் டெல்டா பேனல்னா ரிலே டயலை இப்படி வை: நேம் பிளேட் 12-னா 7, 15-னா 8.7, 18-னா 10.4, 20-னா 11.6. நேம் பிளேட் நம்பரை அப்படியே வைக்காதே, மோட்டர் எரியும். வச்ச நம்பரை இங்க எழுது: ____. மோட்டர் டெல்டாவுக்கு மாறினப்புறம் ரிலே வயர்ல டாங் டெஸ்டர் போட்டுப் பார், வச்ச நம்பரைத் தாண்டக் கூடாது."

கவனிச்சீங்களா, 0.58-ஆல பெருக்குன்னு சொல்லல. கொட்டாயில வேர்வையோட நிக்கறவர்கிட்ட கணக்கு போடச் சொல்லாதீங்க, போட்டுக் குடுத்துடுங்க. மெயினை இறக்கறது முதல்ல வந்திருக்கு. உங்க மேனுவல்ல 7-வது ஸ்டெப் ரிலேவை செட் பண்ணுங்குது, அதுக்கு அடுத்து "குறிப்பு: இதற்கு முன் சப்ளையை ஆஃப் செய்யவும்"னு வருது, அதைப் படிக்கறப்ப கை ஏற்கெனவே உள்ள இருக்கும். கடைசியில சரியா இருக்கான்னு பாத்துக்க வழி இருக்கு. எழுதி வைக்கற கோடு எதுக்குன்னா நாளைக்கு வம்பு வந்தா அது சாட்சி, உங்களுக்கும் அவருக்கும். ஸ்டார் டெல்டா இல்லாம மோட்டரை நேரா ஓட்டுற டி.ஓ.எல் பேனலுக்கு வேற ஷீட் அடிங்க, ரெண்டையும் ஒரே ஷீட்ல போட்டு "பொருந்துவதைத் தேர்ந்தெடுக்கவும்"னு விட வேண்டாம். அங்க ரிலே நேம் பிளேட் நம்பர்லதான் நிக்கணும், கலந்து போனா மறுபடி வம்பு.

கூகுள் தமிழ் வேண்டவே வேண்டாம். இங்கிலீஷ்லயே வரிசை தப்பா இருக்கறப்ப தமிழாக்கினா தப்பும் சேந்து தமிழ்ல வரும். ஷீட்டை நேரா தமிழ்ல எழுதுங்க, எலக்ட்ரீஷியன் பேசற தமிழ்ல, ஓவர்லோடு ஓவர்லோடுன்னே இருக்கட்டும். ஸ்கூல் புக்கு தமிழ்ல எழுதினாத்தான் மரியாதைன்னு சில பேர் சொல்வாங்க, அவங்க யாரும் ரிலே மாட்டப் போறதில்ல.

வீடியோ

பசங்க சொல்றதுல பாதி நியாயம் இருக்கு. சிம் எப்படிப் போடறது, ஆன்டெனாவை எப்படித் திருப்பி வைக்கறது, இந்த மாதிரி கையால பண்ற வேலைக்கு ஒரு நிமிஷ வீடியோ எந்த எழுத்தையும் விட மேல். ஆனா 8.7-ங்கற நம்பரை ஏழு நிமிஷ வீடியோவுல எந்த நிமிஷத்துல சொன்னீங்கன்னு யார் தேடறது, அதுவும் கொல்லையில டவர் இல்லாத இடத்துல. வாட்ஸாப்ல ஒரு தடவை போன வீடியோவைத் திருப்பி வாங்கவும் முடியாது, அடுத்த வருஷம் போர்டு மாத்தினீங்கன்னா பழைய வீடியோ ஊர் ஊரா சுத்திக்கிட்டே இருக்கும். அதனால ஷீட்தான் முதல், அதுல ஒரு க்யூஆர் கோடு, வீடியோவை மாத்தினாலும் கோடு அதேதான்னு இருக்கற மாதிரி பண்ணிக்குங்க. ஷீட் மூலையில மாடல் நம்பரும் அடிச்ச மாசமும் வருஷமும் கட்டாயம். போன்ல "உங்க ஷீட்ல கீழ என்ன தேதி போட்டிருக்கு"ன்னு கேட்டீங்கன்னா பாதி குழப்பம் அங்கயே தீந்துடும்.

"நிறுவனம் பொறுப்பல்ல"

இந்த வரியைப் போடறதால விளக்கம் பத்தாதுங்கற குறை மறையாது. ஒரு தப்பு நடக்கும்னு உங்களுக்கே நல்லாத் தெரிஞ்சா, உதாரணமா ரெண்டு பேஸ்ல ஓட்டறது, அதை முழுசா பேர் சொல்லி எழுதுங்க, ஓட்டினா என்ன ஆகும்னு எழுதுங்க. கண்டுக்காத மாதிரி விட்டுட்டு கடைசியில பொறுப்பல்லன்னு போடறதை விட இது உங்களை நல்லாக் காப்பாத்தும். இந்த மாதிரி பயன்பாட்டு விளக்கங்களுக்குன்னே ஐஇசி, ஐஇஇஇங்கற ரெண்டு சர்வதேச மின்துறை அமைப்புங்க சேந்து போட்ட 82079-1ன்னு ஒரு சர்வதேசத் தரம் இருக்கு, 2019-ல புதுப்பிச்சாங்க. அது அடிப்படையா சொல்றதே விளக்கமும் பொருளோட ஒரு பாகம்னுதான். முதலாளிகிட்ட இதைச் சொல்லுங்க, பெரிய கம்பெனிக்குச் சமமா நிக்கணும்னு ஆசைப்படறவர்னா இது எடுபடும்.

அது எடுபடலைன்னா பணக் கணக்கு. போன மாசம் வேன் எடுத்துக்கிட்டு திருவையாறு, பாபநாசம்னு போயி சிம் ரீசார்ஜ் மட்டும் பண்ணிட்டு வந்த டிரிப் எத்தனை, அதுக்கு டீசல் எவ்வளவு, பையனோட அரை நாள் சம்பளம் எவ்வளவு, ஒரு தாள்ல எழுதி நீட்டுங்க. பக்கத்துலயே அட்டை அடிக்கற செலவு. நீங்க வாயைத் திறக்கவே வேண்டாம்.

அடிக்கறதுக்கு முன்னாடி

ஷீட்டை உங்க ஒர்க்‌ஷாப் ஆள்கிட்ட குடுத்துப் பாக்காதீங்க, அவங்களுக்கு எல்லாம் தெரியும். உங்க பேனலை இதுவரைக்கும் மாட்டாத ஒரு எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்க, கரண்ட் குடுக்காத பேனல், ஷீட், அவ்வளவுதான். நீங்க பக்கத்துல நின்னு வாயை மூடிக்கிட்டு பாக்கணும், இதுதான் கஷ்டம், அவர் தப்பான டெர்மினலைத் தொடறப்ப நாக்கு நுனி வரைக்கும் வரும். எங்க நிக்கறார், எங்க ஷீட்டைத் திருப்பிப் பாக்கறார், எங்க உங்க மூஞ்சியைப் பாக்கறார், அங்கெல்லாம் பென்சில்ல ஒரு கோடு. "புரிஞ்சுதாண்ணே"ன்னு மட்டும் கேக்காதீங்க, நம்ம ஊர்ல யாரு புரியலைன்னு சொல்லுவா, "சூப்பரா இருக்கும்மா"ன்னு சொல்லிட்டு டீ குடிச்சிட்டுப் போயிடுவார். நாலஞ்சு பேரை இப்படிப் பாத்தாலே பெரிய ஓட்டை எல்லாம் தெரிஞ்சிடும். விவசாயி அட்டைக்கும் இதேதான், கண்ணாடி போடாம படிக்கற வயசுக்காரர் ஒருத்தராவது அதுல இருக்கட்டும், உங்க எழுத்து சைஸ் சின்னது.

குறுவைக்குள்ள எல்லாத்தையும் முடிக்க முடியாது, முயற்சியும் பண்ண வேண்டாம். ஸ்டிக்கரும் ஸ்டார் டெல்டா ஷீட்டும் மே பொறக்கறதுக்குள்ள, பழைய வாடிக்கையாளர்களுக்கும் அதையே தபால்லயோ டீலர் மூலமாவோ அனுப்பிடுங்க. விவசாயி அட்டை போன் நோட்டு நெறைஞ்சப்புறம், சம்பாவுக்கு வந்தாப் போதும். பெரிய புக்கை தை அறுவடை முடிஞ்சு போன் ஓஞ்சு கிடக்கறப்ப சாவகாசமா திருத்திக்கலாம், அதுவரைக்கும் 17-ம் பக்கத்துல ஒரு திருத்தச் சீட்டு ஒட்டி விடுங்க.

ஷீட் டிராஃப்ட் வந்ததும் எனக்கு அனுப்புங்க, பாத்துத் தர்றேன். கூடவே ஒரத்தநாட்டுக்காரரோட ரிலே போட்டோவும், அவர் எலக்ட்ரீஷியன் கையில அன்னிக்கு மேனுவலே இருந்துச்சா, இல்ல பெட்டியோட வீட்டுக்குப் போயிடுச்சாங்கற பதிலும்.